சிவந்த முகமும் செவ்வாய்ப்பேட்டை அலமாரியும்

சேலம், நாமக்கல் பக்கம் ஒருவருக்கு முகம் சிவந்து கிடந்தால் ஊர் மூன்று காரணம் சொல்லும். உடம்புச் சூடு, அம்மன், ஆம்பளையாக இருந்தால் குடி. அதை ஒரு நோய் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ரோசேசியா என்ற பெயரை எனக்குச் சொன்னது பார்மசி பாடப்புத்தகம்தான். அதில் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் உருளைக்கிழங்கு மாதிரி மூக்கோடு உட்கார்ந்திருந்தார். நமக்கு வருகிற சீக்கு இல்லை என்று வகுப்பே பக்கத்தைத் திருப்பிவிட்டது.

அப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்தார். நான் அரசு மருந்தாளுநராகி, நாமக்கல் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரை எண்ணிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். ஆக, இரண்டு கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று இந்த ஊர்க்காரர்களின் முகங்களைப் பார்த்திருக்கிறேன். சிவந்த முகத்துக்கு இங்கே என்னென்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பழைய வைத்தியத்தில் பாதி பயனற்றது, கொஞ்சம் ஆபத்தானதுகூட. ஆனால் தங்கிவிடுகிற சிவப்பை அதில் எதுவும் புதிதாக உற்பத்தி செய்யவில்லை. அந்த வேலையைச் செய்தது எங்கள் மருந்துக்கடைத் தொழில்.

முதலில் சீக்கைச் சொல்லிவிடுகிறேன். கன்னம், மூக்கு, நெற்றி நடு, தாடை என்று முகத்தின் மையத்தில் சிவப்பு ஏறும். ஆரம்பத்தில் வந்து வந்து போகும், பிறகு தங்கிவிடும். தோலுக்கடியில் மெல்லிய ரத்தக் குழாய்கள் நூல் நூலாகத் தெரியும். பரு மாதிரிப் பொரிகள் கிளம்பும், ஆனால் பருவில் இருக்கிற கரும்புள்ளி இதில் இருக்காது. எரிச்சல் இருக்கும். சிலருக்குக் கண் இமை வீங்கி, மண் விழுந்த மாதிரி உறுத்தும். வயதான ஆண்கள் சிலருக்கு மூக்குத் தோல் தடித்துப் போகும். குடிக்காதவருக்கும் வரும். நம் மாநிறத்தில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது, செம்பு நிறத்திலோ கருஞ்சிவப்பிலோ மங்கிக் கிடக்கும். கண்ணுக்குத் தெரிவதைவிட, "எரியுதுங்க, திகுதிகுன்னு இருக்குதுங்க" என்று சொல்வதில்தான் சீக்கு பிடிபடும். வெள்ளைத் தோலை வைத்து எழுதிய புத்தகத்தைப் படித்தவர்கள் இதைத் தவறவிட்டதில் ஆச்சரியமில்லை.

இதைக் கிளப்பிவிடுகிற சங்கதிகள் என்று புத்தகம் போட்டிருக்கும் பட்டியலைப் படித்தால் எங்கள் பக்கத்துத் தொழில் பட்டியல் மாதிரியே இருக்கும். வெயில், அடுப்பு அனல், ஆவி, சூடான பானம், காரம், மது. பரமத்தி வேலூர், ஜேடர்பாளையம், பிலிக்கல்பாளையம் பக்கம் கரும்பாலைக் கொப்பரைக்கு மேல் குனிந்து பாகு கிண்டுகிறவர் முகத்தில் அனலும் ஆவியும் ஒன்றாக அடிக்கும். செவ்வாய்ப்பேட்டை, பனங்காட்டில் கொலுசுக்கு வெள்ளி உருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஜவ்வரிசி ஆலைகளில் வறுக்கிற தட்டுக்கு முன்னால் நிற்கிறவர்களும், வெளியே களத்தில் வெள்ளையாய்ப் பரப்பிய ஜவ்வரிசியைத் துழாவுகிறவர்களும் இருக்கிறார்கள். களத்துப் பெண்கள் முண்டாசு கட்டி, சேலைத் தலைப்பால் மூக்கு வரை மூடிக்கொண்டுதான் வேலை செய்வார்கள். கண் மட்டும் தெரியும். அந்தக் காலத்துச் சன்ஸ்கிரீன் அதுதான், இன்றைக்கும் அதைவிடப் பெரிய மருந்து இல்லை.

லாரி ஓட்டுநர்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், நாமக்கல் ஆயிற்றே. நம் நாட்டில் ஸ்டியரிங் வலது பக்கம் இருப்பதால், வருஷக்கணக்காக ஓட்டியவருக்கு வலது கன்னம் இடது கன்னத்தைவிடத் தடித்து, கறுத்து, சுருங்கியிருக்கும். ஜன்னல் கண்ணாடி ஏற்றியிருந்தாலும் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதி, ஏ வகை, உள்ளே வந்துவிடும். அமெரிக்காவில் 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012இல் அங்கேயுள்ள பெரிய மருத்துவ இதழில் வந்தது. அந்த ஊரில் ஸ்டியரிங் இடப்பக்கம், அதனால் இடது பாதி முகம் கிழமாகவும் வலது பாதி சற்று இளமையாகவும் இருந்தது. மருத்துவ உலகம் வியந்து பார்த்தது. நாமக்கல் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் அதையே கண்ணாடியில் பார்த்த மாதிரி மாற்றிப் பார்க்கலாம்.

இனி வைத்தியம். நான் சிறுவனாக இருந்தபோது முகத்தில் திடீரென்று செந்தடிப்போ கொப்புளமோ வந்தால் முதலில் போகிற இடம் பானை வனைகிற வீடு. அக்கி எழுதுவது என்று பெயர். எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்கு எழுதியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காலையில், வெறும் வயிற்றில், கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னார்கள். பெரியவர் காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு உரைத்துக் கொட்டாங்குச்சியில் வழித்து, கோழி இறகின் நுனியால் தொட்டுத் தொட்டு, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கன்னத்தில் சிங்கம் மாதிரி ஒன்றை வரைந்தார். பிறகு சிங்கத்தையே மூடி முழுதும் பூசிவிட்டார். காய்ந்ததும் முகம் செங்கல் நிறத்தில் இறுகிப் போயிற்று. வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ப் பலகாரம் கூடாது, வெயிலில் போகக் கூடாது, கை வைத்துச் சொறியக் கூடாது. மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். காசு கேட்கவில்லை, வெற்றிலை பாக்கோடு வைத்ததை எடுத்துக்கொண்டார்.

மருந்து படித்த பிறகு இதை இரண்டு விதமாகப் பார்க்கிறேன். அக்கி என்று ஊர் சொல்கிறதில் பெரும்பகுதி ஹெர்பிஸ் சோஸ்டர். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து எழும்புகிறது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணையும் பிடிக்கும், பார்வையே போகலாம். அசைக்ளோவிர் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். அந்த மூன்று நாளை இறகுக்கும் காவிக்கும் கொடுப்பது விபரீதம். இதில் பழமைக்கு நான் தாட்சண்யம் காட்டமாட்டேன்.

மற்றச் சிவப்புக்கெல்லாம் அந்தக் காவி கெடுதல் செய்யவில்லை. காவிக்கல் என்பது இரும்பு ஆக்சைடு. ஆஸ்பத்திரியில் ரோஸ் நிறத்தில் கொடுக்கிற காலமைன் லோஷனில் இருப்பது துத்தநாக ஆக்சைடும், அதற்கு ரோஸ் நிறம் தருகிற துளி இரும்பு ஆக்சைடும்தான். பூசினால் நீர் வற்றும்போது குளிரும். இரும்பு ஆக்சைடுக்கு இன்னொரு குணமும் உண்டு. கண்ணுக்குத் தெரிகிற ஒளியை, முக்கியமாக நீலத்தை, அது தடுக்கும். நிறமேற்றிய சன்ஸ்கிரீன்களில் இப்போது அதைத்தான் சேர்க்கிறார்கள், சிவப்பை மறைக்கவும் ஒளியைத் தடுக்கவும். பானைக்காரப் பெரியவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. ஆனால் வெயிலில் போகாதே, தாளிக்காதே, சொறியாதே என்று அவர் சொன்ன பத்தியத்தில், ரோசேசியாக்காரருக்கு இன்று டாக்டர் சொல்கிற பாதி இருக்கிறது.

இரும்பைச் சொன்னதால் கஞ்சமலை. சேலத்துக்குத் தென்மேற்கே, இளம்பிள்ளை போகிற வழியில், காந்த இரும்புத் தாது நிறைந்த மலை. சேலம் உருக்காலையும் அதன் அடிவாரத்தில்தான் அமைந்தது. அங்கே சித்தர் கோயில். அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் கூடும். தீர்த்தத்தில் குளித்து, உப்பையும் மிளகையும் போடுவார்கள், வெல்லத்தைத் தண்ணீரில் கரைப்பார்கள். உப்பும் வெல்லமும் கரைகிற மாதிரி மருவும் பருவும் தோல் சீக்கும் கரையட்டும் என்பது வேண்டுதல். திருமூலரும் காலாங்கிநாதரும் இளமை தருகிற மூலிகை தேடி இங்கே வந்ததாகக் கதை. ஒரு சீடர் கருங்குச்சியால் சோற்றைக் கிண்ட, சோறு கறுத்துப் போக, பயந்து அதைத் தானே தின்று வாலிபனாகிவிட்டாராம். முகப் பொலிவுக்காக மலையேறிய ஊர் என்ற பெயர் எங்களுக்கு அப்போதிருந்தே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தாது கலந்த தண்ணீர் தோலுக்கு நல்லது என்று பேசுகிறவர்கள் உண்டு. உப்பும் வெல்லமும் கரைந்த குளத்தில் ஆயிரம் பேர் முங்கிய பிறகு எரிகிற முகத்தை அதில் கழுவாதீர்கள் என்பது என் கட்சி.

அப்பாவின் கடைக்கு வருகிறேன். செவ்வாய்ப்பேட்டை, பேருக்கேற்ற சந்தைப்பேட்டை. மஞ்சள், மிளகாய், பருப்பு மண்டிகளுக்கு நடுவே எட்டடி அகலக் கடை. சுவர் முழுக்கத் தகர டின்களும் மர இழுப்பறைகளும். மேலே உத்தரத்தில் நூல்கண்டு தொங்கும். பழைய பேப்பரில் சரக்கைக் கொட்டி, ஒரு மடிப்பு மடித்து, நூலை இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி வெடுக்கென்று அறுத்தால் பொட்டலம் தயார். முகத்துக்கென்று கேட்டு வருகிறவர்களுக்குக் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கார்போக அரிசி, வெட்டிவேர், விலாமிச்சை, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா மொட்டு எல்லாம் போகும். பருவுக்குச் சங்கு, தாய்ப்பாலிலோ பசும்பாலிலோ உரைத்துப் போட. இவையெல்லாம் கண்ணில் படுகிற கீழ் வரிசை.

மேல் வரிசைக்கு ஏணி வேண்டும். கந்தகம், வெங்காரம், படிகாரம், மிருதார்சிங்கி, சபேதா. ஒரு சின்னக் கண்ணாடிச் சீசாவில் பாதரசம். நான் கை வைத்தால் அடி விழும். வைத்தியர் சீட்டு இல்லாமல் அப்பா அந்த வரிசையிலிருந்து எடுக்கமாட்டார். மிருதார்சிங்கி ஈய ஆக்சைடு, சபேதா வெள்ளை ஈயம், இரண்டும் களிம்புச் சரக்கு. பின்னாளில் ஆங்கிலக் கவி சாசர் எழுதிய கான்டர்பரிக் கதைகளைப் பற்றிப் படித்தேன். பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியது. அதில் சர்ச் கோர்ட்டுக்கு ஆள் பிடித்துப் போகிற சேவகன் ஒருவன் வருவான், முகம் நெருப்பாய்ச் சிவந்து பொரிப்பொரியாய் இருக்கும், பிள்ளைகள் கண்டு பயப்படும். ரோசேசியாவின் பழைய வர்ணனை என்று தோல் டாக்டர்கள் அதைச் சுட்டுவார்கள். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை என்று சாசர் தருகிற மருந்துப் பட்டியல்: பாதரசம், ஈய ஆக்சைடு, கந்தகம், வெங்காரம், வெள்ளை ஈயம். கிட்டத்தட்ட எங்கள் மேல் வரிசை! லண்டன் பக்கத்துச் சேவகனும் ராசிபுரத்துச் சம்சாரியும் ஒரே அலமாரியை அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். இதில் கந்தகம் ஒன்றுதான் தேறியது. இன்றைக்கும் ரோசேசியாவுக்குக் கந்தகக் களிம்பு உண்டு. மற்றவை ரத்தத்தில் கலந்தால் விஷம்.

கீழ் வரிசை சாதுவானது என்று சொல்லவும் மாட்டேன். நலங்கு மாவில் சேர்க்கிற கார்போக அரிசியில் சோராலன் இருக்கிறது. வெண்புள்ளிக்குக் கொடுத்து வெயில் காட்டச் சொல்வது அதை நம்பித்தான். அதைப் பூசிக்கொண்டு சித்திரை வெயிலில் போனால் முகம் வெந்த மாதிரிச் சிவக்கும். கஸ்தூரி மஞ்சள் என்று கேட்டால் பல கடைகளில் பூலாங்கிழங்குதான் கிடைக்கிறது, இரண்டையும் நறுக்கிக் காயப்போட்டால் வித்தியாசம் காண்பது சிரமம். சாப்பாட்டு மஞ்சளுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. நாமகிரிப்பேட்டையில் செவ்வாய்க்கிழமை கூட்டுறவு ஏலத்தில் விரலி, உருண்டை, பனங்காளி என்று மூட்டை மூட்டையாகக் குவியும். பெண்கள் முகத்துக்கு உரைப்பது உருண்டை மஞ்சளை. அது சிவப்பை ஆற்றுகிறதோ இல்லையோ, அந்த மஞ்சள் பூச்சுக்குள் சிவப்பு அடங்கித் தெரியாமல் போகும். எங்கள் பாட்டிமார் தலைமுறையில் இந்த நோய் எத்தனை பேருக்கு இருந்தது என்று சொல்லவே முடியாததற்கு மஞ்சளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். எரிகிற முகத்தில் அதை உரைத்துத் தேய்ப்பது மட்டும் ஆகாது. தேய்ப்பு எதுவானாலும் ரோசேசியாவுக்கு எதிரி.

பிறகு கம்பவுண்டர் காலம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதன் கடைசிக் காலம். மிக்ஸ்சர் பாட்டிலில் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டி வேளைக்கு ஒரு பல் என்று கொடுத்த மூத்தவர்களிடம் தொழில் கற்றேன். களிம்பும் அங்கேயே கிண்டுவதுதான். பீங்கான் பலகையில் வாசலினைப் போட்டு, துத்தநாகப் பொடியையோ கந்தகத்தையோ தூவி, தட்டையான கத்தியால் எட்டு மாதிரி இழுத்து இழுத்துக் கட்டியில்லாமல் குழைக்க வேண்டும். கட்டி இருந்தால் மூத்தவர் விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி கொடுப்பார். நோயாளி டப்பா கொண்டு வரவேண்டும். விபூதி டப்பா, பவுடர் டப்பா மூடி, எதுவும். இந்தக் களிம்புகளுக்கு ஒரு பொதுக் குணம், ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. வாரம் போனால்தான் சற்றே வாடும். யாரும் அதை ஆசையாகக் கேட்டு வாங்கியதில்லை.

அடுத்து வந்த ஸ்டீராய்டு டியூப் அப்படி இல்லை. ஒரே ராத்திரியில் வேலை செய்தது.

ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டைத் தோலில் பூசிப் பலன் கண்டதை அமெரிக்காவில் சல்ஸ்பெர்கரும் விட்டனும் 1952இல் வெளியிட்டார்கள். கரப்பானுக்கும் சொறிக்கும் அதுவரை அப்படி ஒரு மருந்து கிடையாது, அதில் சந்தேகமே இல்லை. அடுத்த பத்து வருஷத்தில் பீட்டாமெத்தசோன் மாதிரிப் பல மடங்கு வீரியமானவை வந்தன. எது எவ்வளவு வீரியம் என்று அளக்க மெக்கென்சியும் ஸ்டௌட்டனும் 1962இல் ஒரு சோதனை கண்டுபிடித்தார்கள். மருந்தைச் சாராயத்தில் கரைத்து முன்கையில் தடவி, அந்த இடம் எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பது. ரத்தக் குழாய் சுருங்கினால் தோல் வெளுக்கும், அதிகம் வெளுத்தால் அதிக வீரியம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கவுன்ட்டர் ஞாபகம்தான். ஆய்வுக்கூடத்தில் அளவுகோலாக வைத்த வெளுப்பை எங்கள் ஊரில் அழகு என்று வாங்கினார்கள்.

சுருங்கிய குழாய் சுருங்கியே இருக்காது. மாதக்கணக்கில் பூசினால் முகத் தோல் மெலிந்துபோகும். பூசாத அன்று குழாய்கள் முன்னைவிட விரிந்து முகம் தீயாய் எரியும். பூசினால் அடங்கும். ஆக நிறுத்த முடியாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் டாக்டர் ஸ்னெடன், ரோசேசியாக்காரர்களுக்கு இந்த வீரிய ஸ்டீராய்டுகள் கெடுதல் செய்வதை 1969இலேயே எழுதி எச்சரித்தார். 1974இல் ஃபிலடெல்ஃபியாவில் லேடன், தியூ, கிளிக்மன் மூவரும் 'ஸ்டீராய்டு ரோசேசியா' என்றே கட்டுரை எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால் அதே கிளிக்மன் அடுத்த வருஷம் வில்லிஸுடன் சேர்ந்து தோலை வெளுக்கச் செய்யும் கலவை ஒன்றை வெளியிட்டார்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு. மங்குக்கு டாக்டர் பார்வையில் சில வாரம் போடவேண்டிய மருந்து. அந்தக் கலவையின் பேரப்பிள்ளைகள்தான் ஸ்டீராய்டை மாற்றிப் போட்டுக்கொண்டு நம் ஊர் மெடிக்கல் ஷாப் கண்ணாடி அலமாரியில் வந்து உட்கார்ந்தன.

அவை எப்படி விற்றன என்பதற்குப் பெரிய விளம்பரமெல்லாம் தேவைப்படவில்லை. கல்யாணப் பெண்ணுக்குத் தோழி சொல்வாள், தோழிக்குப் பியூட்டி பார்லர் அக்கா சொல்லியிருப்பாள். சவரம் செய்த எரிச்சலுக்கு அண்ணன் போட்டதைத் தம்பி பருவுக்குப் போடுவான். சுகாதார நிலையத்துக்கே வந்து கேட்பார்கள்.

"அண்ணா, முகத்துக்குப் போடற வெள்ளை டியூப் இருக்குதுங்களா?"

"எதுக்கும்மா?"

"ஒண்ணுமில்லீங்க, சும்மா பூசறதுக்குத்தான். விட்டா எரியுதுங்க."

விட்டால் எரிகிறது என்ற அந்த ஒரு வாக்கியம் போதும், மேலே விசாரிக்க வேண்டியதில்லை. வெளிச்சத்தில் திரும்பச் சொன்னால் கன்னத்தில் நூல் நூலாய்ச் சிவப்பு, தாடையில் பூனை மயிர், வாயைச் சுற்றிப் பொரி. எல்லாம் டியூபின் கையெழுத்து. கரும்பாலை அனல் படாத, வெயிலே காணாத, காலேஜ் படிக்கிற பெண்ணுக்கு!

நாடு முழுக்க இதே கதைதான், அதனால்தான் இதற்கான பெயரே இந்தியாவில் பிறந்தது. கொல்கத்தா டாக்டர்கள் கௌசிக் லாஹிரியும் அரிஜித் கூண்டுவும் 2008இல் 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்று இதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். 2011இல் நாடு முழுக்க 12 தோல் சிகிச்சை மையங்களில் எடுத்த கணக்கு ஒன்று வெளியாயிற்று. முகத் தோல் சீக்கோடு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு அதைச் சொன்னது டாக்டர் இல்லை. சட்டப்படி பார்த்தால் மாத்திரை ஸ்டீராய்டுக்குச் சீட்டு வேண்டும், பூசுகிற களிம்பில் பலவற்றுக்கு விலக்கு இருந்தது. தோல் டாக்டர்கள் சங்கம் விடாமல் எழுதிக் கேட்டு, 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை அட்டவணை எச்சுக்குள் கொண்டுவந்தது. டியூப் அட்டைப் பெட்டியில் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை அச்சானது. அதற்குப் பிறகும் கேட்டால் கிடைக்கிற கடைகள் இருக்கின்றன என்பது வாசகர்களுக்கே தெரியும்.

கடையை மட்டும் குற்றம் சொல்லி முடிக்கவும் மனசு வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவு என்பது பல காலம் தொழுநோய்க்கும் மேகநோய்க்கும் சேர்த்து ஒரே வாசல். கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற பெண் அந்த வரிசையில் நிற்பதை ஊர்க்காரர் யாராவது பார்த்தால் போதும், பேச்சு சேந்தமங்கலம் வரைக்கும் போய்விடும். சேலத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 1986இல், நாமக்கல்லுக்கு 2022இல்தான். நடுவில் இருந்த வருஷங்களில் கொல்லிமலை அடிவாரத்துக்காரர் பஸ் ஏறிச் சேலம் போய், வரிசையில் நின்று, ஒரு நாள் கூலியை விட்டு வரவேண்டும். முக்குக் கடையில் டியூப் ஐந்து நிமிஷம்.

இப்போது கொடுக்கிற மருந்துகளில் எனக்குப் பிடித்த விஷயம், அவற்றில் பலவும் எங்கள் சுகாதார நிலைய அலமாரியில் வேறு காரியத்துக்கு ஏற்கெனவே இருந்தவை. சீதபேதிக்கு எண்ணிக் கொடுத்த மெட்ரோனிடசோல், ஜெல்லாக மாறி 1988இல் அமெரிக்காவில் ரோசேசியாவுக்கு அனுமதி பெற்றது. எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கிற டாக்ஸிசைக்ளினைச் சின்ன அளவில் கொடுத்தால் கிருமியைக் கொல்லாமலே வீக்கத்தை மட்டும் தணிக்கும். கர்ப்பிணிகளுக்கு ஆகாது, வெயிலில் தோலைச் சிவக்க வைக்கும் என்பதால் டாக்டர் சொல்லித்தான். சிரங்குக்குக் கொடுக்கிற ஐவர்மெக்டின் 2014 கடைசியில் களிம்பாக வந்தது. எல்லார் முகத்திலும் குடியிருக்கிற டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணி, ரோசேசியாக்காரர் முகத்தில் பெருகிக் கிடக்கும், இந்தக் களிம்பு அதைக் குறைக்கும். இதில் எதுவும் நோயை வேரோடு பிடுங்காது, அடக்கி வைக்கும். நூல் நூலாய்த் தெரிகிற குழாய்களுக்கு லேசர்தான். சோப்பை விட்டு மென்மையான கழுவியும், ஈரப்பசைக் களிம்பும், காலையில் சன்ஸ்கிரீனும் தினப்படி. அடுப்பு வேலைக்காரர் நடுநடுவே குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்து ஒற்றிக்கொள்ள வேண்டும், தேய்க்காமல். எந்தச் சாப்பாடு ஒருவருக்குச் சிவப்பைக் கிளப்புகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே ஊரார் சொன்ன பத்தியம் முழுதையும் ஏற்க வேண்டியதில்லை. தனக்கு எது ஏற்றுகிறது என்று ஒரு நோட்டில் குறித்துப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

டியூபை நிறுத்துகிறவர்களுக்குத்தான் பாடு அதிகம். நிறுத்திய முதல் சில வாரங்களில் முகம் வீங்கி, பொரிந்து, முன்பு எப்போதும் இல்லாத அளவுக்கு எரியும். அதைத் தாங்க டாக்டர் டாக்ஸிசைக்ளினோ, ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் களிம்போ கொடுப்பார். சிலருக்கு வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பார். அடங்க மாதக்கணக்காகும். பாதியில் ஓடிப்போகிறவர்கள் எரிச்சலுக்குப் பயந்து ஓடுவதில்லை, விசேஷத்துக்குப் பயந்து ஓடுகிறார்கள். போட்டோவில் முகம் எப்படி விழும் என்ற கவலை. அதனால் என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் பஞ்சாங்கம் பார்த்துத்தான் யோசனை சொல்வது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, ஆனால் காற்றும் தூசும் அள்ளி வீசும். புரட்டாசியிலும் கல்யாணம் கிடையாது, வெயில் இருக்கிறது. மார்கழிதான் தோது. குளிர், முகூர்த்தம் கிடையாது, காலையில் முக்காடு போட்டுக்கொண்டு போனால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். மார்கழி ஒன்றாம் தேதி தோல் டாக்டரைப் பார்த்துத் தொடங்கினால் மோசமான கட்டம் வீட்டுக்குள்ளேயே கழிந்துவிடும்.

"தை பத்துல நாத்தனார் மகளுக்குக் கல்யாணமுங்க, அது முடிஞ்சதும் நிறுத்திக்கலாமுங்களா?" என்று கேட்ட ராசிபுரத்துப் பெண்ணிடம், நாத்தனாருக்கு இன்னும் எத்தனை மகள்கள் என்று கேட்டேன். மூன்று என்றார்.